தொழில் பழகும் பிள்ளைக்குத் தலை சாய்க்க ஓர் இடம்



நல்லம்பள்ளியில் செவ்வாய்க்கிழமை சந்தை நாள். பொழுது புலர்வதற்கு முன்பே சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்து மக்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து சேர்வர். அண்மையில் அந்தச் சந்தைப் பக்கமாகச் சென்றிருந்தபோது, எனக்கு அறிமுகமான ஒரு தாயைக் கண்டேன். இரண்டு வெள்ளாடுகளைக் கயிற்றில் பிடித்தபடி புளிய மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். பண்டிகை எதுவும் அருகில் இல்லாத காலத்தில் ஆடு விற்க வந்திருக்கிறாரே என்று எண்ணி, "என்னம்மா விசேஷம்?" என்று கேட்டேன்.

"பையனுக்கு வேலை பழகுற எடம் கெடச்சிருக்குதுங்க ஐயா. படுக்கத்தான் எடம் கெடைக்கல. ரூமுக்கு அட்வான்ஸ் கட்டணுமாம்" என்றார்.

அவர் மகன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் தொழில் கற்றுத் தேர்ச்சி பெற்றவன். வேறொரு மாவட்டத்தில், ஊரை விட்டு வெகுதொலைவில் உள்ள ஒரு சுரங்கத்தில், ஓராண்டு தொழிற்பழகுநராக, அதாவது நம் மக்கள் சொல்வதுபோல் அப்ரண்டிஸாகச் சேர அவனுக்கு உத்தரவு வந்திருந்தது. உத்தரவில் பயிற்சியின் பெயர் இருந்தது. சேரவேண்டிய நாள் இருந்தது. கொண்டு வரவேண்டிய சான்றிதழ்களின் பட்டியல் இருந்தது. அன்றிரவு அவன் எங்கே படுப்பான் என்பது பற்றி மட்டும் ஒரு சொல்லும் இல்லை.

இத்திங்கள் அந்த இல்லாத சொல்லைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2019ஆம் ஆண்டு திருத்தப்பெற்ற விதிகள், ஐ.டி.ஐ. சான்றிதழ் பெற்ற தொழிற்பழகுநருக்கு மாத உதவித்தொகை குறைந்தது 7,000 ரூபாய் என்று நிர்ணயித்தன. பிற தகுதியினருக்கு அது 5,000 முதல் 9,000 ரூபாய் வரை அமைந்தது. இத்தொகையை 36 விழுக்காடு உயர்த்தலாம் என்று 2025ஆம் ஆண்டு மே மாதம் மத்தியத் தொழிற்பழகுநர் மன்றம் பரிந்துரை செய்தது. அந்தத் தாய் விரல் மடக்கிச் சொன்ன கணக்கோ இது: மூன்று பிள்ளைகள் சேர்ந்து எடுக்கும் அறையில் இவன் பங்கு 2,000, இரு வேளைச் சாப்பாடு 3,500, சுரங்கத்துக்குப் போய்வரப் பேருந்துக்கு 1,000. ஆக 6,500 போய்விடும். மீதி 500 ரூபாயில் சோப்பும், மருந்தும், எப்போதாவது ஊருக்கு வந்துபோகும் கட்டணமும் அடங்கவேண்டும். அதுவும் முதல் மாத உதவித்தொகை அடுத்த மாதத்தில்தான் கைக்கு வரும். அறைக்குரிய முன்பணமோ முதல் நாளே எண்ணி வைக்கப்படவேண்டும். ஆடுகள் சந்தைக்கு வந்த காரணம் இதுவே.

விற்க இரண்டு ஆடுகள் உள்ள வீட்டுக் கதை இது. ஆடும் இல்லாத வீட்டுப் பிள்ளையின் கதையையும் நான் அறிவேன். சில ஆண்டுகளுக்கு முன் நம் பக்கத்து இளைஞன் ஒருவன் இவ்வாறே ஒரு தொலைவூரில் பயிற்சிக்குச் சேர்ந்தான். அறைக்கு முன்பணம் இல்லாமையால் ஒரு பழுதுபார்க்கும் கடையின் பரண்மீது படுத்துறங்கினான். கடை திறக்குமுன் எழுந்துவிட வேண்டும். கடை அடைத்த பிறகே திரும்ப வேண்டும். மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டது. மூன்றாம் மாதம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். பயிற்சியை முடித்துத் தேர்வு எழுதியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தேசியச் சான்றிதழ் அவனுக்குக் கிட்டவில்லை. இன்று பெங்களூரில் கட்டட வேலைக்குச் செல்கிறான். அவன் கையில் திறமை இல்லாமற் போகவில்லை. அவன் முதுகுக்கு ஒரு பாய் விரிக்கும் இடம் இல்லாமற் போயிற்று.

இந்நிலை ஏன் ஏற்படுகிறது? சட்டத்தின் கண்ணில் இப்பிள்ளை யார் என்பதைத் தெரிந்துகொண்டால் காரணம் விளங்கும். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், இவன் பயிற்சி பெறுபவனே அன்றித் தொழிலாளி அல்லன் என்று தெளிவாகக் கூறுகிறது. சுரங்கத்தில் பயிலும்போது உடல்நலமும் பாதுகாப்பும் காக்கப்பட வேண்டும் என்றும், விபத்து நேரின் இழப்பீடு உண்டு என்றும் அச்சட்டம் எழுதி வைத்தது. அது நன்று. ஆயின், தங்குமிடம் தருவதை நிறுவனத்தின் கட்டாயக் கடமையாக அது விதிக்கவில்லை. தொழிலாளி அல்லாததால் தொழிலாளர் குடியிருப்பில் அவனுக்கு உரிமை இல்லை. ஐ.டி.ஐ.யை முடித்து வெளியேறிவிட்டதால், மாணவர்க்கென அரசு நடத்தும் நலத்துறை விடுதியிலும் அவனுக்கு இடம் இல்லை. பள்ளிக்கும் பணிக்கும் நடுவே உள்ள பாலத்தில் அவன் நிற்கிறான். இரு கரையிலும் வீடுகள் உண்டு, பாலத்தின்மேல் கூரை இல்லை.

நகரங்களில் இக்குறை அவ்வளவாகத் தெரியாது. மாமன் வீடோ, சித்தப்பா வீடோ, மலிவான ஒரு மேன்ஷனோ எப்படியும் அகப்படும். சுரங்கத்தின் இயல்பு வேறு. ஆலையை மனிதர் வாழும் இடத்துக்குக் கொண்டுவரலாம். கனியைக் கொண்டுவர முடியாது. அது கிடைக்கும் காட்டுக்கும் மேட்டுக்கும் மனிதர்தாம் செல்ல வேண்டும். அங்கே வாடகைக்கு விடும் வீடுகள் சிலவே. சுரங்கத்தில் நல்ல ஊதியம் பெறுவோர் கேட்ட வாடகையைத் தந்துவிடுவர். உதவித்தொகையில் வாழும் சிறுவன் அவர்களோடு போட்டியிட்டு எங்ஙனம் வெல்வான்?

சுரங்கம் தோண்டுவோர் வீடும் கட்டவேண்டும் என்பதை நம் முன்னோர் அனுபவத்தால் கற்றனர். நம் வட்டாரத்துப் பழைய குடும்பங்கள் பலவற்றுக்குக் கோலார் தங்கவயல் அந்நியமான பெயர் அன்று. 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே தங்கம் தோண்டத் தொடங்கியபின், அன்றைய வடஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் திரள்திரளாகச் சென்றன. நம் தர்மபுரி 1965ஆம் ஆண்டு வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது என்பதை நினைவிற் கொள்க. நிறுவனம் வரிசை வரிசையாகக் குடிசைகளை அமைத்தது. மூங்கில் தட்டியால் ஆன அவ்விருப்பிடங்களை 'லைன்' என்று அழைத்தனர். நெருக்கமும் புழுக்கமும் நிறைந்தவை அவை, அவற்றைப் புகழ்வதற்கில்லை. எனினும் புதிதாக வந்த இளைஞன் முதலிரவில் தெருவில் கிடக்கவில்லை. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. வேலை போன பின்னரும் அந்த லைன்களை விட்டுப் போக மனமில்லாமல் குடும்பங்கள் அங்கேயே தங்கிவிட்டன. வீடு என்பது வேலையினும் ஆழமாக மனிதனைப் பற்றிக்கொள்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

விடுதலைக்குப் பின் அரசே இப்பொறுப்பை ஏற்றது. 1956ஆம் ஆண்டு நெய்வேலி நிலக்கரி நிறுவனம் அமைந்தது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. சுற்றியிருந்த ஊர்களின் மக்கள் தம் நிலத்தைக் கொடுத்து விலகிச் சென்றனர். அவர்கள் தியாகத்தை மறத்தல் ஆகாது. அவ்விடத்தில் தொழிலாளர் வாழ வட்டம் வட்டமாக வகுக்கப்பட்ட ஒரு நகரியமே எழுந்தது. பள்ளியும் மருத்துவமனையும் சந்தையும் உடன் எழுந்தன. நாட்டின் பிற பகுதிகளிலும், நிலக்கரிக்கு 1947இலும், சுண்ணாம்புக்கல்லுக்கும் டோலமைட்டுக்கும் 1972இலும், இரும்பு, மாங்கனீசு முதலியவற்றுக்கு 1976இலும் தொழிலாளர் நல நிதிச் சட்டங்கள் பிறந்தன. தோண்டி எடுக்கும் கனிமத்தின்மீது சிறிய தீர்வை விதித்து, அப்பணத்தால் சுரங்கத் தொழிலாளர்க்கு வீடும் குடிநீரும் மருத்துவமும் அளிப்பதே அவற்றின் நோக்கம். அத்தீர்வைகள் பிற்காலத்தில் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டன. அவை இருந்த காலத்திலும் தொழிலாளி என்ற சொல்லுக்குள் அடங்காத பழகுநனைப் பற்றி எவரும் தனியே எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

திருச்சபையின் வரலாற்றில் இதை எண்ணிப் பார்த்தவர் உண்டு. 1847ஆம் ஆண்டு மே மாதம், மழை கொட்டும் ஓரிரவில், கொத்து வேலை தேடி மலைநாட்டிலிருந்து தூரின் நகருக்கு வந்த அனாதைச் சிறுவன் ஒருவன் தொன் போஸ்கோவின் கதவைத் தட்டினான். கையிலிருந்த சிறு பணமும் செலவாகியிருந்தது. அவருடைய தாய் மார்கரீத்தா அம்மையார் அவனுக்குச் சமையலறையிலேயே படுக்கை விரித்துக் கொடுத்தார். இதற்குமுன் இவ்வாறு தங்கவைத்த சில பிள்ளைகள் விடியுமுன் போர்வைகளைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டதும் உண்டு! ஆயினும் அந்தத் தாய் கதவை அடைக்கவில்லை. அந்த ஒரு படுக்கையிலிருந்தே தொழில் பயிலும் பிள்ளைகளுக்கான அவர்தம் இல்லம் வளர்ந்தது. படுக்கை கொடுத்ததோடு நில்லாமல், பிள்ளைகளை வேலைக்கு அமர்த்தும் முதலாளிகளோடு எழுத்து மூலமான ஒப்பந்தமும் செய்துகொண்டார் தொன் போஸ்கோ. 1852ஆம் ஆண்டு ஒரு தச்சுப் பழகுநனுக்காக அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இன்றும் பேசப்படுகிறது.

அதே காலத்தில் ஜெர்மனி நாட்டில் அடோல்ப் கோல்பிங் என்ற குரு இதே வழியில் நடந்தார். குருவாகுமுன் செருப்புத் தைக்கும் தொழிலாளியாக இருந்தவர் அவர். ஊர் ஊராக அலைந்து தொழில் பழகும் இளைஞன் எத்தகைய இடங்களில் படுத்துறங்குகிறான் என்பதைத் தம் உடம்பால் அறிந்தவர். 1849ஆம் ஆண்டு கொலோன் நகரில் அவர் தொடங்கிய இளந்தொழிலாளர் சங்கம், அவர்கள் தங்குவதற்கான இல்லங்களை எழுப்பியது. 1991ஆம் ஆண்டு திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது. இன்று அந்நாட்டில், பெற்றோர் இல்லத்தை விட்டுத் தொலைவில் தங்கித் தொழில் பழகும் இளைஞர்க்கு, தகுதி பார்த்து அரசே வாழ்க்கைச் செலவுக்கு உதவித்தொகை வழங்குகிறது. ஒரு குருவின் இரக்கமாகத் தொடங்கிய கருத்து ஒரு நாட்டின் நடைமுறையிலும் இடம்பெற்றுவிட்டது.

நம் நாட்டில் இது இயலுமா என்று கேட்பீர்கள். இயலும் என்பதற்கு அடையாளங்கள் உள்ளன. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில், சிப்காட் நிறுவனத்தின் மூலம் 706 கோடியே 50 இலட்சம் ரூபாய்ச் செலவில், 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டு 17 அன்று திறக்கப்பட்டது. வேலைக்குச் செல்லும் மகளிர்க்கென அரசு 'தோழி' விடுதிகளைப் பல நகரங்களில் நடத்துகிறது. 2024ஆம் ஆண்டு மத்திய வரவுசெலவுத் திட்டமும், தொழிலாளர்க்கு விடுதி முறையிலான வாடகைக் குடியிருப்புகளை அரசும் தனியாரும் இணைந்து கட்டுவது பற்றிப் பேசியது. ஆகவே, வேலை செய்பவருக்கு உறங்குமிடம் தேவை என்பதை அரசு ஒப்புக்கொண்டுவிட்டது. அந்த ஒப்புதல் பெருந்தொழிற்சாலை வாசலிலேயே நின்றுவிடாமல், தொலைவில் உள்ள சுரங்கத்துக்கும், அங்கே பயிலும் பிள்ளைக்கும் எட்டவேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

பணம் எங்கிருந்து வரும்? புதிய வரி எதுவும் தேவையில்லை. 2015ஆம் ஆண்டு சுரங்கச் சட்டம் திருத்தப்பட்டபோது, சுரங்கத் தொழிலால் பாதிக்கப்படும் மாவட்டங்களில் மாவட்டக் கனிம அறக்கட்டளை அமைக்க வழி செய்யப்பட்டது. சுரங்க உரிமையாளர் அரசுக்குச் செலுத்தும் உரிமைத்தொகைக்கு மேலாக ஒரு பங்கை இதற்குச் செலுத்துகின்றனர். ஆட்சித் தலைவரின் பொறுப்பில் அது செலவிடப்படுகிறது. இந்நிதியை எவற்றுக்குச் செலவிடலாம் என்று மத்திய அரசு வகுத்த நெறிமுறைகளில் கல்வி, தொழில்திறன் வளர்ச்சி ஆகிய இரண்டும் முன்னுரிமை பெற்றவை. தொலைதூரப் பகுதிகளில் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் உறைவிட விடுதிகள் கட்டலாம் என்பதும் அவற்றில் எழுதப்பட்டுள்ளது. 'மாணவர்' என்ற அச்சொல்லோடு 'தொழிற்பழகுநர்' என்ற சொல்லையும் சேர்த்துப் படித்தால், பல பிள்ளைகளின் இரவுகள் மாறிவிடும்.

கனிமத்தின் வருவாயில் ஒரு பங்கு அந்தப் பகுதிக்கே திரும்பவேண்டும் என்பது உலகம் அறிந்த நியாயமே. மேற்கு ஆஸ்திரேலிய மாநிலம், சுரங்க உரிமைத்தொகையில் நான்கில் ஒரு பங்குக்கு ஈடான பணத்தை ஊரகப் பகுதிகளுக்குச் செலவிடும் திட்டத்தை 2008ஆம் ஆண்டு தொடங்கியது. இரும்புச் சுரங்கங்கள் பெருகிய போர்ட் ஹெட்லண்ட் போன்ற ஊர்களில் வாடகை வானளாவ உயர்ந்து, குறைந்த ஊதியம் பெறுவோர் ஊரை விட்டே போகும் நிலை வந்தது. அத்தகையோர்க்கு அரசே குடியிருப்பு கட்ட வேண்டியதாயிற்று. செல்வம் மிகுந்த நாட்டிலேயே சந்தை விலைக்கு விட்டுவிட்டால் எளியவனுக்குக் கூரை கிடைப்பதில்லை என்றால், நம் நாட்டில் சொல்லவும் வேண்டுமோ?

இங்கே இரண்டு மறுப்புகள் எழலாம். ஓராண்டு தங்கிப் போகிறவனுக்காக அரசு கட்டடம் எழுப்புவதா என்பது ஒன்று. போகிறவன் அவன்தான், கட்டில் அங்கேயே இருக்கும். ஓராண்டுக்கு ஒருவனாக ஒரே கட்டில் முப்பது ஆண்டுகளில் முப்பது பிள்ளைகளைத் தொழில்வல்லவராக ஆக்கும். தனி வீடு ஒரு குடும்பத்துக்குப் பயன்படும். பழகுநர் விடுதியோ ஒரு தலைமுறைக்குப் பயன்படும். மற்றொரு மறுப்பு, சுரங்கத்தால் தூசியும் வெடிச்சத்தமும் தாங்கும் உள்ளூர் மக்களின் நிதியை வெளியூர்ப் பிள்ளைக்குச் செலவிடலாமா என்பது. இது நேர்மையான கேள்வி. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே முதலிடம் அளிக்கவேண்டும் என்பதில் ஐயமில்லை. வெளியூர்ப் பிள்ளைகளின் செலவில் ஒரு பகுதியை நிறுவனமும், ஒரு பகுதியை அவரவர் மாவட்டமும் ஏற்கலாம். இன்று கிரானைட்டுக் கற்கள் நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து தொலைதூரம் செல்கின்றன. நம் பிள்ளைகள் வேறு மாவட்டச் சுரங்கங்களுக்குச் செல்கின்றனர். ஒருவர் வாசலில் மற்றவர் நிற்கும் இக்காலத்தில், கணக்கு இரு பக்கமும் எழுதப்படுவதே முறை.

அரசு செய்யட்டும் என்று நாம் கைகட்டி இருக்கலாமா? நம் குடும்பங்கள் செய்யத்தக்கவை சில உண்டு.

பிள்ளைக்குப் பயிற்சி உத்தரவு வந்தவுடன் மகிழ்ச்சியில் கையெழுத்திட்டுவிடாமல், நான்கு கேள்விகளைக் கேளுங்கள். விடுதி உண்டா, இல்லையெனில் பழகுநர் வழக்கமாக எங்கே தங்குகின்றனர்? பணிநேரம் எது, அந்த நேரத்தில் போய்வர வண்டி உண்டா? உதவித்தொகை எந்த நாளில் வங்கியில் சேரும்? விபத்தோ நோயோ நேர்ந்தால் யாரை அணுகுவது? ஒப்பந்தத்தின் படி ஒன்றைப் பிள்ளையிடம் மட்டுமன்றி வீட்டிலும் வைத்திருங்கள். மகளை அனுப்புவோர் இவற்றை இருமடங்கு கவனத்தோடு கேட்கவேண்டும்.

அடுத்து, கிராம சபை. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாள்களில் அது கூடுகிறது. மே 1 உழைப்பாளர் நாள். 1955ஆம் ஆண்டு முதல் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளும் அதுவே. அன்று பூசை முடிந்தபின் நேரே கிராம சபைக்குச் சென்று, நம் ஊரிலிருந்து எத்தனை பிள்ளைகள் வெளியூரில் தொழில் பழகுகின்றனர், அவர்கள் எங்கே தங்குகின்றனர் என்று கணக்கெடுத்து ஒரு தீர்மானமாக எழுதச் செய்யுங்கள். எண்ணிக்கை இல்லாத குறையை எந்த அலுவலகமும் குறையாகக் கொள்வதில்லை.

மூன்றாவதாக, சுரங்கமும் ஆலையும் உள்ள ஊர்களில் வாழும் நம் மக்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் மணமாகிச் சென்றபின் வெறுமனே கிடக்கும் அறை உங்கள் வீட்டில் இருக்கலாம். நியாயமான வாடகைக்கு, முன்பணம் கேட்காமல், அதை ஒரு பழகுநனுக்கு விடுங்கள். எந்தச் சமயத்துப் பிள்ளை என்று பாராதீர்கள். வின்சென்ட் தே பவுல் சபையினர் முதல் மாத வாடகையைக் கைமாற்றாகக் கொடுத்து, உதவித்தொகை வந்தபின் தவணையாகத் திரும்பப் பெறலாம். ஆட்டை விற்றுத் தரவேண்டிய பணம் அது. பங்கு நினைத்தால் ஆடு கொட்டகையிலேயே இருக்கும்.

அன்று சந்தையில் அந்தத் தாய் ஓர் ஆட்டை மட்டுமே விற்றார். அவர் மகன் சேரவிருந்த ஊரில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று இருந்தது. அங்கிருந்தே தொலைபேசியில் பேசினோம். அறை கிடைத்துவிட்டது என்று இக்கதையை முடிக்க எனக்கும் ஆசைதான். உண்மை அதுவன்று. "ஒரு மாதம் தங்கட்டும், பிறகு பார்ப்போம்" என்றனர். அந்த ஒரு மாதத்தை நம்பி அவன் புறப்பட்டுப் போயிருக்கிறான். இரண்டாவது ஆடு வீடு திரும்பியிருக்கிறது. அடுத்த செவ்வாய்க்கும் அது வீட்டிலேயே இருக்குமா என்பது அந்த மாதம் எப்படி முடிகிறது என்பதைப் பொறுத்தது.

ஒரு தாயின் கவலைக்கு ஒரு மாதத் தவணை கிடைத்தது. இத்தகைய தாய்மார் அனைவருக்கும் நிலையான விடை கிடைக்க, கட்டவேண்டியவர் கட்டட்டும். கேட்கவேண்டிய நாம் கேட்போம். கதவைத் திறக்கக்கூடியவர் இன்றே திறப்போம். உங்கள் பங்கிலிருந்து தொழில் பழகச் சென்றுள்ள பிள்ளைகள் எத்தனை பேர், எங்கே தங்குகின்றனர் என்று எழுதுங்கள். அடுத்த திங்கள் அவ்விவரங்களோடு சந்திப்போம்.